கழிப்பறைச் சன்னலில் மாஸ்டர் மாட்டிக்கொண்டது குறித்து

மதிப்பிற்குரிய பொறுப்பாசிரியர் சகாரா அவர்களின் மேலான கவனத்திற்கு,

சித்திரக்கதை ஓவியர் உத்சுகி மாஸ்டரின் தலைமை உதவியாளன் நுமாடா ஹாச்சிரோ, நெற்றி தரையில் படக் குனிந்து எழுதிக்கொள்வது. மழை பிடித்துக்கொண்டு ஒரு வாரம் ஆகிறது. தங்கள் வீட்டு வாசலில் நீலப் பூக்கள் கொத்துக் கொத்தாய்ப் பூத்திருக்கும் என்று நம்புகிறேன். தங்கள் வயிற்றுப்புண் எப்படி இருக்கிறது? இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகு அது எப்படி இருக்கும் என்பதை நினைக்கவே பயமாக இருக்கிறது. ஆகவே தயவுசெய்து முதலில் மருந்தைச் சாப்பிட்டுவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து மேற்கொண்டு படிக்கவும்.

சாப்பிட்டிருப்பீர்கள் என்று நம்பித் தொடர்கிறேன்.

நான் பயந்தவன். இது தங்களுக்குப் புதிய செய்தி இல்லை. தொலைபேசி மணி அடித்தால் மேசைக்கு அடியில் பார்ப்பவன் நான். பதினான்கு வருடமாக மாஸ்டரிடம் பாறை, மூங்கில், ஓட்டுக்கூரை, புகை ஆகிய நான்கையும் வரைந்து பிழைக்கிறேன். மனித முகம் வரைய எனக்கு அனுமதியும் கிடையாது, தைரியமும் கிடையாது. முகம் என்றால் அது நம்மைத் திருப்பிப் பார்க்கும், பாறை பார்க்காது. அப்படிப்பட்ட நான், புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு பெரிய குற்றத்தைச் செய்துவிட்டேன். வெள்ளிக்கிழமையான இன்றுவரை சோறு இறங்கவில்லை. மை பூசும் ஹதானாகா வேறு, "அண்ணே, நீங்க பேசாம இருங்க, சகாரா சாருக்குத் தெரியவே தெரியாது" என்கிறான். தெரியாது என்பதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. தெரிந்துவிட்டால் ஒரு நாளோடு போகும். தெரியாவிட்டால் ஆயுளுக்கும் பயப்பட வேண்டும். அதனால் நானே சொல்லிவிடுகிறேன். தங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் சொல்வேன், மன்னிக்கவும். பயந்தவனுக்குக் கதையை நடுவிலிருந்து சொல்ல வராது.

நம் "நிழல்மலைக் கூட்டம்" சித்திரக்கதைத் தொடர் வாசகர்களின் அஞ்சலட்டை வாக்குக் கணக்கில் பதினான்காம் இடத்துக்கு இறங்கியதும், பதினைந்தைத் தாண்டினால் தொடரை நிறுத்திவிடுவார்கள் என்பதும் தாங்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். காரணத்தையும் தாங்களே சொன்னீர்கள். ஒற்றர்களான நிழல்மலை மறைவீரர்களுக்கு மூன்று விதிகள்: முதல் விதி காரியம், இரண்டாம் விதியும் காரியம், மூன்றாம் விதி விழுந்த கூட்டாளியைத் திரும்பிப் பார்க்காதே. இந்த மூன்றையும் நாட்டிலுள்ள பிள்ளைகள் பென்சில் பெட்டியில் எழுதி வைத்திருக்க, நாயகன் யாஹேய் மட்டும் மூன்று வாரமாக, மலைச்சரிவில் கால் முறிந்து கிடக்கும் தன் கூட்டாளி தோராகிச்சியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நிற்கிறான். இரகசியச் சுருள் கையில் இருக்கிறது, கோட்டை எரிகிறது, இவன் நிற்கிறான். ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "யாஹேய் அண்ணா ரொம்ப யோசிக்கிறார், யாரையாவது சீக்கிரம் கொன்றுவிடவும்" என்று எழுதிய அட்டையைத் தாங்கள் மாஸ்டர் முகத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினீர்கள்.

"இந்த வாரம் தோராகிச்சியை விட்டுட்டுப் போயாகணும் உத்சுகி. பாறை உருளட்டும், அவன் அடியில போகட்டும், யாஹேய் சுருளை எடுத்துக்கிட்டுக் கிளம்பட்டும். பத்தொன்பது பக்கம். வியாழன் மத்தியானம் அச்சகத்துல இருக்கணும்."

"மூணு பக்கத்துல சாகடிக்கிற ஆளாய்யா அவன்?" என்றார் மாஸ்டர்.

"அப்ப நாலு பக்கம் எடுத்துக்க" என்றீர்கள்.

அதற்குப் பிறகும் மாஸ்டர் வரையாததால் திங்கள்கிழமை எங்களை ஹோங்கோ மேட்டு மினொயா விடுதியில் கொண்டுபோய் அடைத்தீர்கள். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பக்கம் தராத ஓவியரை விடுதியில் போட்டுப் பூட்டி, பொறுப்பாசிரியர் வாசற்படியில் உட்கார்ந்து காவல் காப்பது நம் தொழிலில் உள்ளதுதான். ஆனால் அன்று தாங்கள் செய்த ஒன்று என்னை நடுங்க வைத்தது. வாசலில் நாங்கள் கழற்றிப் போட்ட காலணிகளை விடுதிப் பணிப்பெண் ஒவ்வொன்றாக எடுத்து, போகிறவர்கள் அப்படியே காலை நுழைத்துக்கொண்டு போகும்படி மூக்கு வெளியே பார்க்கத் திருப்பி வைத்துக்கொண்டு வந்தாள். மாஸ்டரின் காலணிகளைத் தொடப் போனபோது, "அது வேண்டாம்மா, அவர் எங்கேயும் போகப் போறதில்ல" என்று தாங்களே எடுத்து, செய்தித்தாளில் சுற்றி, தோல்பையில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டீர்கள். பதினான்கு வருடமாக நான் கோட்டை வரைகிறேன், சிறை வரைகிறேன், ஆனால் ஒரு மனிதரை இவ்வளவு எளிதாக அடைக்கலாம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

செவ்வாய்க்கிழமை அந்தத் தொலைபேசி வந்தது. செந்தாய் நகரத்திலிருந்து யோகோய் அண்ணனின் மனைவி. எனக்கு முன்னால் மாஸ்டரின் தலைமை உதவியாளராக இருந்த யோகோய் அண்ணனைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம். நாலரைப் பாய் மட்டுமே விரிக்க முடிகிற சின்ன அறையில் மாஸ்டர், யோகோய் அண்ணன், தாங்கள் என்று மூவரும் ஒரே கிண்ணத்து நூடுல்ஸை முறைவைத்துச் சாப்பிட்ட காலத்தில் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். புதன் மாலை நாலு மணிக்கு அவருக்கு வயிற்றில் அறுவை, பிழைப்பது பாதிக்குப் பாதிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். "சொல்லவே கூடாதுன்னாருங்க. பக்கம் குடுக்குற வாரம், அவரைத் தொந்தரவு பண்ணாதேன்னாரு. எனக்குத்தான் மனசு கேக்கல" என்று அந்த அம்மாள் அழுதது, தொலைபேசிக்கு மூன்று கை தள்ளி நின்ற எனக்கே கேட்டது. தோராகிச்சிக்கு இடது புருவத்தில் வெட்டு இருக்கிறதே, அது யோகோய் அண்ணனின் புருவம். சாப்பிட்டு முடித்ததும் காரணமே இல்லாமல் சிரிப்பானே, அதுவும் அவர் சிரிப்புதான். அந்தப் புருவத்தின் மேல்தான் மாஸ்டர் பாறையை உருட்ட வேண்டும், அதுவும் அன்றைக்கே.

மாஸ்டர் தங்களிடம் கெஞ்சியதை நான் பக்கத்து அறையில் மூங்கில் வரைந்தபடி கேட்டேன்.

"ஒரே நாள் விடு சகாரா. போய் முகத்தைப் பாத்துட்டு ஓடி வந்துடறேன்."

"பக்கம் முதல்ல. நீ ஒருத்தன் போயிட்டா நாலு குடும்பம் தெருவுல நிக்கும். உன் யாஹேயைக் கேளு, அவனும் இதைத்தான் சொல்லுவான்."

"யாஹேயை நான்தான்யா எழுதறேன்."

"அப்ப ஒழுங்கா எழுது."

தாங்கள் அப்போது பல்லிடுக்கில் அந்தச் சிவப்புப் பென்சிலை வைத்துக் கடித்துக்கொண்டிருந்ததால் வார்த்தைகள் சற்றுக் குழறலாக வந்தன. ஆனாலும் எனக்கு ஒரு மூங்கில் வளைந்துவிட்டது. ஏழாம் பக்கம், இடது ஓரம். அதற்கும் சேர்த்து மன்னிக்கவும்.

இனிமேல்தான் குற்றம். புதன் காலை பத்து மணி. பதினாறு பக்கம் முடிந்துவிட்டது, மூன்று பக்கம் வெள்ளையாகக் கிடக்கிறது. தாங்கள், "ஆபீசுக்கு ஒரு போன் பேசிட்டு வரேன், கொஞ்சம் நேரமாகும்" என்று பையையும் எடுத்துக்கொண்டு எழுந்தீர்கள். போகிறபோது, "உத்சுகி கழிப்பறைக்குப் போனா போகட்டும், கதவைத் தட்டித் தொந்தரவு பண்ணாதீங்க" என்று வேறு சொல்லிவிட்டுப் போனீர்கள். அவ்வளவு பெருந்தன்மையாகச் சொன்ன மனிதரின் முதுகில் குத்தினோமே என்பதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஏனென்றால் மாஸ்டர் உண்மையிலேயே கழிப்பறைக்குத்தான் போனார். கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு உள்ளேயிருந்து மெல்ல ஒரு குரல், "நுமாடா... கொஞ்சம் வாயேன்" என்றது.

இருபது வருடமாகத் தன் கதைகளில் ஆட்களைப் புகைக்கூண்டு வழியாகவும் நீர்க்கால்வாய் வழியாகவும் தப்பிக்க வைத்தவர், இரண்டடிச் சன்னலில் இடுப்போடு மாட்டிக்கொண்டு நின்றார். தலையும் கைகளும் தோட்டத்துப் பக்கம், மழையில். வயிறும் கால்களும் எங்கள் பக்கம். விடுதி அங்கி இடுப்புக்கு மேல் சுருண்டிருந்தது. நல்லவேளை, உள்ளே கால்சட்டை போட்டிருந்தார். காலில் கழிப்பறைச் செருப்பு. எனக்குப் பின்னாலேயே ஹதானாகாவும், படத்தில் நிழல் தெரியப் புள்ளித்தாள் ஒட்டும் ஒரிபே அம்மாவும் வந்துவிட்டார்கள். நாலு பேருக்கு அந்த இடம் பற்றாது. ஹதானாகா பார்த்த மாத்திரத்தில் மாஸ்டரின் ஒரு காலைப் பிடித்து உள்ளே இழுக்க ஆரம்பித்தான்.

"விடுடா!" என்றார் ஒரிபே அம்மா. "அவரு போகணும்னு நினைக்கிறாரு, தள்ளி விடு!"

"எனக்கு மூணு புள்ளைங்கம்மா! தொடர் நின்னா நான் யாருக்கு மை பூசறது? விதி என்ன சொல்லுது? காரியம்! முதல் விதி காரியம், ரெண்டாம் விதியும் காரியம்!"

"அந்த விதியை எழுதுனவரே சன்னல்ல தொங்குறாருடா, உனக்கு என்ன விதி!"

"அண்ணே, நீங்க சொல்லுங்க. நீங்கதானே தலைமை."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். ஐயா, என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. உள்ளே இழுத்தால் பக்கம் வரும், தொடர் நிற்காது, ஹதானாகாவின் பிள்ளைகள் சாப்பிடும், யோகோய் அண்ணன் செந்தாயில் தனியாகக் கத்திக்குப் போவார். வெளியே தள்ளினால் மாஸ்டர் செந்தாய் போய்ச் சேருவார், நாங்கள் நால்வரும் நடுத்தெருவுக்கு வருவோம், அதற்கு முன்னால் தாங்கள் என்னை ஒரு பார்வை பார்ப்பீர்கள். இதில் எந்தப் பயம் பெரிய பயம் என்று எனக்குத் தெரியவில்லை. நான் மாஸ்டரின் மற்றொரு காலைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். இழுக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. அப்போது அந்தப் பக்கத்திலிருந்து, மழைச் சத்தத்துக்கு நடுவே, மாஸ்டர் யாரிடமோ போலச் சொன்னார்: "அன்னிக்கு எனக்குக் காய்ச்சல். என் பக்கம் பூரா யோகோய்தான் வரைஞ்சான். என் பேரைப் போட்டுக் குடுத்தான்."

எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியாது. ஹதானாகாவின் கையைத் தட்டிவிட்டேன், கண்ணை மூடிக்கொண்டேன், மாஸ்டரின் பின்புறத்தில் தோளைக் கொடுத்து முழுப் பலத்தோடு ஒரு தள்ளு தள்ளினேன். "கனமா இருக்கீங்க மாஸ்டர்!" என்று கத்தியதாக ஒரிபே அம்மா சொல்கிறார். கார்க்கு கழன்ற மாதிரிப் பட்டென்று போய்விட்டார். யாரோ அந்தப் பக்கம் நின்று பிடித்து இழுத்தால் எப்படிப் போவாரோ அப்படிப் போனார். எனக்குள் இவ்வளவு பலம் இருந்தது எனக்கே தெரியாது. அந்தப் பயத்திலும் ஒரு கணம் பெருமையாகத்தான் இருந்தது என்பதையும் ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறேன்.

அதற்கு மேல் செய்ததெல்லாம் பொய். தாங்கள் அரை மணி கழித்துத் தோள் நனைந்து திரும்பி வந்தபோது, மாஸ்டருக்குக் கடும் காய்ச்சல், உள்ளறையில் படுத்தபடியே வரைகிறார், யாரும் போகக் கூடாது என்று சொன்னேன். போர்வைக்குள் படுத்து முனகியது ஹதானாகா. தாங்கள் கதவுக்கு வெளியே நின்று கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "உத்சுகி முனகல்ல பத்து வயசு குறைஞ்சிருக்கே" என்றீர்கள். எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் தாங்கள் கதவைத் திறக்கவில்லை. மாலையில் நோயாளிக்கு என்று தனியாக ஒரு விலாங்குமீன் சோற்றுப் பெட்டி வாங்கி வைத்தீர்கள். அதை ஹதானாகா சாப்பிட்டுவிட்டு, அழுதுகொண்டே முனகினான். எங்களை இப்படி நம்புகிற ஒருவரை ஏமாற்றுகிறோமே என்று அழுதான். மீன் நன்றாகவும் இருந்ததாம்.

கடைசி மூன்று பக்கத்தையும் வரைந்தது நான். இதுதான் என் பெரிய குற்றம். முகம் வராதவன் எப்படி வரைவது? முதலில் புகைக்குண்டு போட்டேன். பதினேழாம் பக்கம் முழுக்கப் புகை. பதினெட்டாம் பக்கம் பாறை உருளுகிறது. என் ஆயுளில் அப்படி ஒரு பாறை நான் வரைந்ததில்லை, ஒவ்வொரு வெடிப்பிலும் என் நடுக்கம் அப்படியே விழுந்திருக்கிறது. பத்தொன்பதாம் பக்கத்தில், தங்கள் உத்தரவுப்படி, யாஹேய் சுருளோடு போகிற முதுகை வரைய வேண்டும். முதுகுதானே, அது எனக்கு வரும். உட்கார்ந்தேன். கை போகவில்லை, ஐயா. மணிக்கு ஒரு முறை பேனாவைத் தொட்டேன், வைத்தேன். கடைசியில் நான் வரைந்தது, பாறைக்கு அடியில் ஒரு காலிக் குழி. பக்கத்தில் சேற்றில் கிடக்கிற இரகசியச் சுருள். ஆளே இல்லை. கட்டத்துக்கு வெளியிலிருந்து யாஹேயின் ஒரே ஒரு பேச்சுக் குமிழி. பேச்சைப் பென்சிலால்தானே எழுதித் தருகிறோம், அச்செழுத்தைத் தங்கள் அலுவலகத்தில்தானே ஒட்டுகிறார்கள், வேண்டாமென்றால் அழித்துக்கொள்ளட்டும் என்று தைரியம் சொல்லிக்கொண்டு எழுதினேன்: "கனமா இருக்கேடா நீ."

முதல் விதி, இரண்டாம் விதி, மூன்றாம் விதி மூன்றையும் ஒரே பக்கத்தில் உடைத்துவிட்டேன். வியாழன் காலை பதினொன்றரைக்குத் தாங்கள் பக்கங்களை எண்ணி வாங்கியபோது, அந்தப் பக்கத்தில் தங்கள் கை நின்றது. வெகுநேரம் பார்த்தீர்கள். பென்சிலைக் கடித்தீர்கள். நான் கழிப்பறைச் சன்னலின் அகலத்தை மனதுக்குள் என் இடுப்போடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். பிறகு தாங்கள், "பாறை நல்லா இருக்கு நுமாடா" என்று மட்டும் சொல்லி, உறையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு மழையில் ஓடினீர்கள். அந்தப் பாராட்டுக்கு நான் உரியவன் அல்ல. தாங்கள் பாராட்டியது மாஸ்டரின் பக்கத்தை என்று நினைத்து. உண்மையில் அது ஒரு கோழை வரைந்த கள்ளப் பக்கம்.

ஆகவே என்னை என்ன செய்தாலும் சரி. வேலையை விட்டு நீக்கலாம், எந்தப் பத்திரிகையிலும் பாறை வரைய விடாமல் செய்யலாம். மாஸ்டரை மட்டும் ஒன்றும் செய்யாதீர்கள். அவர் போகவில்லை, நான் தள்ளினேன். தொடரை நிறுத்தாதீர்கள், ஹதானாகாவின் மூன்றாவது பிள்ளைக்கு இன்னும் பல் முளைக்கவில்லை. முதன்மை ஆசிரியரிடம் சொல்லும்போது என் பெயரை முதலில் சொல்லுங்கள். மாஸ்டரிடமிருந்து இதுவரை ஒரு தகவலும் இல்லை. யோகோய் அண்ணன் இருக்கிறாரா என்று தெரியவில்லை. மாஸ்டர் அந்தக் கழிப்பறைச் செருப்போடு உவேனோ நிலையத்தில் எப்படி நின்றாரோ, ரயிலில் ஏற விட்டார்களோ இல்லையோ என்று அதையும் நினைத்துப் பயப்படுகிறேன்.

தங்கள் துணைவியாருக்கும் மகளுக்கும் என் பணிவான வணக்கம். மழையில் நனைந்த தங்கள் தோள் காய்ந்து, தங்கள் வயிறு ஆறி, நீண்ட ஆயுளோடு தாங்கள் எங்களை அதட்டிக்கொண்டே இருக்க வேண்டுமென்று பிரார்த்திக்கிறேன்.

நடுக்கத்துடன்,
நுமாடா ஹாச்சிரோ

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது தொலைபேசி அடித்தது. மேசைக்கு அடியில் பார்க்காமல் எடுத்தேன். மாஸ்டர். யோகோய் அண்ணன் பிழைத்துக்கொண்டார். இன்று காலை நன்றாகக் கண் விழித்து, மாஸ்டரைப் பார்த்து முதலில் கேட்டது, "பக்கம் முடிஞ்சுதா?" என்பதுதானாம். மாஸ்டர் சொல்லும்போதே அழுதார், நானும் அழுதேன். பிறகு, "செருப்போட எப்படிப் போனீங்க மாஸ்டர்?" என்று கேட்டேன். "செருப்பா? என் காலணியைப் போட்டுக்கிட்டுத்தான் போனேன்" என்றார். சன்னலுக்குக் கீழே, கூரை விளிம்புக்கு அடியில், மழை படாத இடத்தில், அவருடைய காலணிகள் மூக்கு வெளியே பார்க்க ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தனவாம். முகம் செடிக்குள் புதைந்திருந்ததால் ஆளைப் பார்க்கவில்லையாம். இரண்டு கைகள் அக்குளில் பிடித்து இழுத்தனவாம், வாயில் எதையோ கடித்துக்கொண்டு ஒரு குரல், "பத்தேமுக்கால் வண்டி, ஓடு" என்றதாம். "நீ ஏற்பாடு பண்ணின ஆளுதானே நுமாடா? கெட்டிக்காரன்டா நீ" என்றார். அந்தக் காலணிகள் பூட்டிய தோல்பைக்குள் இருந்தன. சாவி இருந்த இடுப்பு யாருடையது என்பது எனக்குத் தெரியும்.

ஐயா, என் ஆயுளில் நான் செய்த ஒரே துணிச்சலான காரியம் அது. அதிலும் பாதிக்கு மேல் பலம் அந்தப் பக்கத்துப் பலம்தானா?

இப்போது எனக்குப் புதிய பயம் பிடித்துக்கொண்டது. இந்தக் கடிதம் முதன்மை ஆசிரியர் கையில் சிக்கினால் அவரும் காலணிகளைப் பற்றி யோசிப்பார், அப்புறம் தாங்கள்தான் தெருவுக்கு வர வேண்டும். ஆகையால் மேலே உள்ள எதையும் நான் எழுதவில்லை. மாஸ்டர் எங்கும் போகவில்லை, காய்ச்சலில் கிடந்தார், விலாங்குமீன் சாப்பிட்டார், அவர் முனகியதைத் தாங்களே காதால் கேட்டீர்கள். கடிதத்தைப் படித்ததும் நம் மறைவீரர்கள் செய்வதுபோல மென்று விழுங்கிவிடவும். தங்கள் வயிற்றை நினைத்து மெல்லிய தாளில்தான் எழுதியிருக்கிறேன், மையும் குறைவாகத்தான் தொட்டிருக்கிறேன்.

நாளை மாஸ்டர் திரும்புகிறார். தாங்களும் அடுத்த வாரப் பக்கத்துக்காக வந்து நின்று அதட்டுவீர்கள், நானும் வழக்கம்போல நடுங்குவேன். ஆனால் வாசலில் தாங்கள் காலணிகளைக் கழற்றிவிட்டு ஏறியதும், வேறு யாரும் தொடுவதற்கு முன்னால் நான்தான் குனிந்து எடுத்து, மூக்கு வெளியே பார்க்கத் திருப்பி வைப்பேன்.